திரவங்களில் ஹைட்ரஜன் பிணைப்பு: எஃப்டிஐஆர் நிறமாலையும் கணினிக் கணக்கும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், புதுக்கோட்டை வட்டாரக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. இயற்பியலோ வேதியியலோ படித்து, இறுதிப் பருவத் திட்டப்பணிக்கு “இரு திரவக் கலவையில் மூலக்கூறு இடைவினை” என்று தலைப்பு எடுக்கும் மாணவர்களுக்காக எழுதியது. பாடநூலில் கிடைப்பதைச் சுருக்கமாகவும், ஆய்வகத்தில் கால் இடறும் இடங்களை விரிவாகவும் சொல்கிறோம்.

ஹைட்ரஜன் பிணைப்பு இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வது?

ஆக்சிஜன், நைட்ரஜன் போன்ற எலக்ட்ரான் கவரும் அணுவோடு சேர்ந்த ஹைட்ரஜன், இன்னொரு மூலக்கூறின் தனித்த எலக்ட்ரான் இணையை நோக்கித் திரும்பி நிற்பதுதான் இந்தப் பிணைப்பு. குளோரோஃபார்மில் இருப்பதைப் போன்ற கார்பன்–ஹைட்ரஜனும் இதைச் செய்யும். பொதுவாக இதன் ஆற்றல் 4 முதல் 40 கி.ஜூல்/மோல். அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றல் சுமார் 2.5 கி.ஜூல்/மோல். அதனால் திரவத்துக்குள் இந்தப் பிணைப்புகள் பிக்கோவினாடிக் கணக்கில் அறுந்து மறுபடி சேர்ந்துகொண்டே இருக்கும். எஃப்டிஐஆர் (ஃபூரியர் மாற்ற அகச்சிவப்பு) நிறமாலையில், அதாவது எந்த அலைஎண்ணில் எவ்வளவு அகச்சிவப்பு ஒளி உறிஞ்சப்படுகிறது என்ற வரைபடத்தில், நாம் பார்ப்பது அத்தனை நிலைகளின் கூட்டுப் படம். ஓ–ஹெச் (ஆக்சிஜன்–ஹைட்ரஜன்) உறிஞ்சல் பட்டை நூற்றுக்கணக்கான செ.மீ⁻¹ அகலத்துக்குப் பரந்து கிடப்பதும் அதனால்தான்.

நிறமாலையில் மூன்று அடையாளங்கள் சேர்ந்து வர வேண்டும்: நீட்சி அதிர்வின் அலைஎண் இறங்குவது, பட்டை அகல்வது, அதன் உறிஞ்சல் வலிமை கூடுவது. அலைஎண் 3 செ.மீ⁻¹ நகர்ந்ததை மட்டும் காட்டி “வலுவான ஹைட்ரஜன் பிணைப்பு” என்று எழுதினால் வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வி அங்கேயே விழும்.

எந்தக் கலவையைத் தேர்ந்தெடுக்கலாம்?

முதன்முறை செய்பவருக்கு இரண்டைச் சொல்வோம். ஒன்று எத்தனால்–சைக்ளோஹெக்சேன். இதில் சைக்ளோஹெக்சேன் வெறும் கரைப்பான். எத்தனால் தனக்குள்ளேயே பிணைந்துகொள்வதைப் பார்க்கலாம். மற்றொன்று அசிட்டோன்–குளோரோஃபார்ம். தூய அசிட்டோனிலும் தூய குளோரோஃபார்மிலும் குறிப்பிடத்தக்க ஹைட்ரஜன் பிணைப்பு கிடையாது, கலந்தால்தான் உண்டாகும். கலக்கும்போது குடுவை வெதுவெதுப்பாவதைக் கையிலேயே உணரலாம். அசிட்டோன் 56, குளோரோஃபார்ம் 61 டிகிரியில் கொதிக்க, இரண்டும் சேர்ந்த கொதிநிலை மாறாக் கலவை 64 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கிறது.

எத்தனாலுக்குப் பதில் மெத்தனால் எடுக்க நினைப்பவர்கள் கவனிக்க: மெத்தனாலும் சைக்ளோஹெக்சேனும் சுமார் 45 டிகிரிக்குக் கீழ் எல்லா விகிதத்திலும் கலக்காது. குடுவையில் இரண்டு அடுக்காகப் பிரியும். பழைய கட்டுரைகளில் மெத்தனாலுக்குக் கார்பன் டெட்ராகுளோரைடைப் பயன்படுத்தியிருப்பார்கள். அது கல்லீரலைக் கெடுக்கும், ஓசோனையும் அழிக்கும்; மாணவர் ஆய்வகத்துக்குள் அதைக் கொண்டுவராமல் இருப்பதே நல்லது.

சம மோல் அசிட்டோன்–குளோரோஃபார்ம் 10 மி.லி. வேண்டும். எவ்வளவு எடுப்பது?

அசிட்டோன் 3.78 கிராம், குளோரோஃபார்ம் 7.77 கிராம். 20 டிகிரியில் ஏறக்குறைய 4.8 மி.லி., 5.2 மி.லி. கணக்கு இப்படி: மோலார் நிறையை அடர்த்தியால் வகுத்தால் ஒரு மோலின் கன அளவு. அசிட்டோனுக்கு 58.08/0.790 = 73.5 மி.லி.; குளோரோஃபார்முக்கு 119.38/1.489 = 80.2 மி.லி. கூட்டினால் 153.7. பத்தை அதால் வகுத்தால் ஒவ்வொன்றிலும் 0.065 மோல்.

பிப்பெட்டால் அளக்காதீர்கள், எடை போடுங்கள். காரைக்குடியின் சித்திரை வெயிலில் ஆய்வகம் 35 டிகிரியைத் தொடும்போது 20 டிகிரிக்கான அடர்த்தி பொய் சொல்லும், எடை மாறாது. மூடியிட்ட குடுவையில் குளோரோஃபார்மை முதலில் ஊற்றி எடை எடுத்து, பிறகு அசிட்டோனைச் சேருங்கள். எளிதில் ஆவியாவதைக் கடைசியில் ஊற்றினால் இழப்பு குறையும்.

வாங்கிய பாட்டிலில் இருப்பதை அப்படியே பயன்படுத்தலாமா?

குளோரோஃபார்ம் பாட்டிலின் ஒட்டுச்சீட்டை ஒருமுறை உற்றுப் படியுங்கள். ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உருவாகாமல் இருக்க அதில் 0.5 முதல் 1 சதவீதம் எத்தனால் கலந்திருப்பார்கள். நீங்கள் ஓ–ஹெச் பகுதியில் காணும் பட்டை அந்த எத்தனாலுடையதாக இருக்கலாம். அதை “அசிட்டோன் ஈனால் வடிவம்” என்று விளக்கம் எழுதிய திட்டப்பணிகளும் உண்டு! எத்தனாலுக்குப் பதில் அமைலீன் சேர்த்த பாட்டில் கிடைத்தால் இந்தத் தொல்லை இல்லை. கிடைக்காவிட்டால், குளோரோஃபார்மின் பாதி அளவு தண்ணீரோடு பிரிபுனலில் நான்கைந்து முறை குலுக்கிப் பிரித்து, நீரற்ற கால்சியம் குளோரைடில் ஓர் இரவு வைத்து, வாலை வடித்து, பழுப்பு பாட்டிலில் அடைத்து அன்றன்றே பயன்படுத்துங்கள். சோடியத்தைப் போட்டு உலர்த்த எந்தக் காரணத்துக்காகவும் முயல வேண்டாம், வெடிக்கும்.

எத்தனாலுக்கு 3 ஆங்ஸ்ட்ராம் மூலக்கூறு சல்லடை மணிகள். 300 டிகிரி உலையில் சில மணி நேரம் வைத்து, உலர்கலனில் ஆறவிட்டுப் போட வேண்டும். டப்பாவிலிருந்து எடுத்தபடியே போட்டால், ஏற்கெனவே ஈரம் குடித்து நிறைந்த மணிகள் எதையும் உறிஞ்சாது. அசிட்டோனைச் சல்லடையில் நாள்கணக்கில் ஊறவிடாதீர்கள். தன்னோடு தானே வினைபுரிந்து வேறு கீட்டோன்கள் உருவாகும்.

திரவத்தை வைக்கும் கலத்துக்கு எந்த ஜன்னல்? கல்லூரியில் ஏடிஆர் (படிகத்தின் மேல் திரவத்தை வைத்து, உள்ளே எதிரொளிக்கும் ஒளியால் அளக்கும் இணைப்பு) இருக்கிறதே, அது போதாதா?

சோடியம் குளோரைடு ஜன்னல் என்பது சமையலறை உப்புதான். ஐப்பசி அடைமழையில் பீங்கான் ஜாடியில் கல்லுப்பு கசிவதைப் பார்த்திருப்பீர்கள். ஜன்னலும் அப்படித்தான் மங்கும். பொட்டாசியம் புரோமைடு இன்னும் மோசம். உலராத எத்தனால் பட்டாலே மேற்பரப்பு அரிக்கும். ஓ–ஹெச், கார்பனைல் (அசிட்டோனின் கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு) இரண்டும்தான் உங்கள் தேவை என்றால் கால்சியம் ஃப்ளூரைடு ஜன்னல் போதும். அது தண்ணீரில் கரையாது என்றே சொல்லலாம். சுமார் 1100 செ.மீ⁻¹-க்குக் கீழ்தான் ஒளியை மறைக்கும். குளிரூட்டிய அறையிலிருந்து ஜன்னலை வராந்தாவுக்கு எடுத்து வந்தால் உடனே வியர்த்துவிடும். அறை வெப்பநிலைக்கு வரும்வரை மூடிய டப்பாவிலேயே இருக்கட்டும்.

ஏடிஆர் வசதியானது. ஒரு சொட்டு வைத்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. ஆனால் ஹைட்ரஜன் பிணைப்பு ஆய்வில் அதுதான் பெரிய கண்ணி. வைரப் படிகம் (ஒளிவிலகல் எண் 2.4), 45 டிகிரி, திரவத்தின் விலகல் எண் 1.5 என்று வைத்தால், ஒளி திரவத்துக்குள் இறங்கும் ஆழம் 1000 செ.மீ⁻¹-ல் சுமார் 2 மைக்ரோமீட்டர்; 3300-ல் 0.6 மைக்ரோமீட்டர்தான். ஓ–ஹெச் பட்டை கார்பன்–ஆக்சிஜன் பட்டையைவிடச் சிறுத்துத் தெரிவது இதனால். பிணைப்பு குறைந்ததால் அல்ல.

அதைவிட முக்கியமானது ஒன்று. வலுவான பட்டையின் அருகே விலகல் எண் திடீரென ஏறி இறங்குகிறது. அதன் விளைவாக ஏடிஆர் நிறமாலையில் உச்சி சில செ.மீ⁻¹ கீழே இறங்கித் தோன்றும். கலவையின் விகிதம் மாறினால் இந்த இறக்கமும் மாறும். பிணைப்பே இல்லாத கலவையிலும் “நகர்வு” கிடைக்கும் என்பதுதான் பொருள். மென்பொருளில் ஏடிஆர் திருத்தம் இருந்தால் போட்டு, திருத்திய நிறமாலையையே ஒப்பிடுங்கள். ஒரே வரைபடத்தில் ஒரு நிறமாலை ஏடிஆரிலும் மற்றொன்று ஊடுருவல் முறையிலும் (கலத்தின் வழியே ஒளியைச் செலுத்தி அளப்பது) இருக்கவே கூடாது.

ஊடுருவல் முறையில் தூய அசிட்டோனின் கார்பனைல் உச்சி தட்டையாக வெட்டுண்டு வருகிறதே?

திரவம் மிகத் தடிமன். தூய அசிட்டோன் லிட்டருக்கு 13 மோலுக்கு மேல், 0.1 மி.மீ. தடிமனில் ஒளி முழுவதும் விழுங்கப்பட்டுவிடும். உறிஞ்சல் 1-ஐத் தாண்டினாலே எண்ணை நம்பாதீர்கள். தீர்வு, கலவையையே வேறு விதமாக அமைப்பது: சைக்ளோஹெக்சேனில் அசிட்டோனை 0.05 மோலார் (100 மி.லி.க்கு 0.29 கிராம்) என்று நிலையாக வைத்து, சைக்ளோஹெக்சேனின் ஒரு பகுதியைக் குளோரோஃபார்மால் படிப்படியாக மாற்றுங்கள். 0.5 மி.மீ. கலம் சரியாக இருக்கும். கார்பனைல் பட்டை கீழே இறங்குவதோடு, அதன் தாழ்ந்த பக்கத்தில் தோள் போல ஒன்று வளர்வதையும் காணலாம். நகர்வு சில செ.மீ⁻¹ மட்டுமே என்பதால் பிரிதிறன் 2 செ.மீ⁻¹ அல்லது 1 வேண்டும்.

கலத்தின் உண்மையான தடிமனை எப்படி அறிவது?

வெறும் கலத்தை ஓட்டுங்கள். அலை அலையாக வரும். இரண்டு அலைஎண்களுக்கு இடையே எத்தனை அலைகள் என்று எண்ணி, அந்த எண்ணிக்கையை அலைஎண் வேறுபாட்டின் இரு மடங்கால் வகுத்தால் செ.மீ.யில் தடிமன். 2000-லிருந்து 1000 வரை 20 அலைகள் என்றால் 20/2000 = 0.01 செ.மீ., அதாவது 0.1 மி.மீ. அலையே வரவில்லையென்றால் ஜன்னல் மங்கிவிட்டது, மெருகேற்ற வேண்டும்.

எத்தனாலை நீர்க்கச் செய்யும் சோதனையை எப்படித் திட்டமிடுவது?

செறிவையும் தடிமனையும் பெருக்கினால் வரும் எண் மாறக் கூடாது. 1 மோலாருக்கு 0.1 மி.மீ., 0.1 மோலாருக்கு 1 மி.மீ., 0.01 மோலாருக்கு 10 மி.மீ. மூன்றிலும் ஒளிக்கதிர் சந்திக்கும் எத்தனால் மூலக்கூறுகள் ஒரே எண்ணிக்கை. மாறுவது அவை ஒன்றையொன்று பற்றியிருக்கும் விதம் மட்டும். 0.1 மோலார் செய்ய 4.61 கிராம் எத்தனாலை லிட்டர் குடுவையில் இட்டு நிரப்பலாம். 100 மி.லி. போதுமென்றால் 0.461 கிராம். அதில் 10 மி.லி.யை 100 மி.லி. ஆக்கினால் 0.01 மோலார்.

0.01 மோலாரில் 3630–3640 அருகே கூர்மையான பட்டை மட்டும் நிற்கும்; அது தனித்த ஓ–ஹெச். செறிவு ஏற ஏற 3500-க்கு அருகே சிறு மேடும், 3330–3350 வட்டாரத்தில் பெரிய அகலப் பட்டையும் எழும். முதலாவது சிறு கொத்துகளுக்கு உரியது. இரண்டாவது நீண்ட சங்கிலிகளுக்கும் வளையங்களுக்கும் உரியது.

நீர்க்கச் செய்தும் நகராத பட்டை என்றால், பிணைப்பு அதே மூலக்கூறுக்கு உள்ளேயே இருக்கிறது. சாலிசிலால்டிஹைடு நல்ல எடுத்துக்காட்டு.

10 மி.மீ. கலத்துக்குச் சாதாரணக் குவார்ட்ஸை எடுத்துவிடாதீர்கள். அதன் கண்ணாடிக்குள்ளேயே உள்ள ஓ–ஹெச், நீங்கள் தேடும் இடத்திலேயே உறிஞ்சும்.

3600-க்கு மேல் சீப்புப் பற்கள் போல வருவது என்ன?

காற்றில் உள்ள நீராவி. கார்பனைல் பகுதியிலும் இதே பற்கள் முளைக்கும். மழைக்காலத்தில் பின்னணி நிறமாலையைக் காலையில் ஒருமுறை எடுத்துவிட்டு மாலைவரை அதையே பயன்படுத்தினால் இப்படித்தான். ஒவ்வொரு மாதிரிக்கும் முன் புதிய பின்னணி எடுங்கள், மாதிரி அறையை மூடிச் சில நிமிடம் பொறுங்கள். கருவிக்குள் உள்ள சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பானால் 120 டிகிரி அடுப்பில் வறுத்துத் திருப்பிப் போட வேண்டும். 2349-ல் வரும் இரட்டை மேடு கார்பன் டைஆக்சைடு. கருவிக்கு அருகே குனிந்து மூச்சுவிட்டவர் யார் என்று அது சொல்லிவிடும்.

பிணைப்பு உண்டானால் அலைஎண் எப்போதும் குறையுமா?

நீட்சி அதிர்வுக்குப் பெரும்பாலும் ஆம். வளைவு அதிர்வு மேலே ஏறும். கார்பன்–ஹைட்ரஜன் கொடுக்கும் சில பிணைப்புகளில் நீட்சியே மேலே ஏறுவதும் உண்டு. குளோரோஃபார்மின் கார்பன்–ஹைட்ரஜன் நீட்சி 3020 அருகே. அசிட்டோனின் மெத்தில் பட்டையும் அங்கேயே வந்து மறைக்கும். டியூட்டரோகுளோரோஃபார்ம் எடுத்தால் பட்டை 2250 அருகே, யாரும் இல்லாத வெளிக்கு வந்துவிடும். அங்கே நகர்வைவிடப் பட்டையின் வலிமை கூடுவதுதான் கண்ணைப் பறிக்கும். அதைத் தவறாமல் அளந்து எழுதுங்கள்.

நகர்வும் பிணைப்பின் ஆற்றலும் நேர்விகிதத்தில் இருக்கும் என்பது 1937-ல் பேட்ஜரும் பாவரும் சொன்ன விதி. ஒரே வகைச் சேர்மங்களுக்குள் ஒப்பிட அது உதவும். எத்தனாலின் கோட்டில் குளோரோஃபார்மை வைக்க உதவாது.

கணினிக் கணக்குக்கு எந்த மென்பொருள், எந்த நிலை?

காசியன் இருந்தால் அது. இல்லாவிட்டால் ஆர்கா, கல்விப் பயன்பாட்டுக்கு இலவசம். மூலக்கூறை வரைய அவகேட்ரோ. தமிழ்நாட்டுத் திட்டப்பணிகள் பலவற்றில் பி3எல்ஒய்பி (கணக்கு முறை), 6-311++ஜி(டி,பி) (அடிப்படைக் கணம், அதாவது எலக்ட்ரான்களை விவரிக்கும் சார்புகளின் தொகுப்பு) என்றே இருக்கும். அதில் தவறில்லை, ஆனால் மூலக்கூறுகளிடையே உள்ள மெல்லிய ஈர்ப்பைக் கணக்கில் சேர்க்கும் கிரிம்மின் டி3 சிதறல் திருத்தத்தைச் சேர்க்காமல் விடாதீர்கள். அடிப்படைக் கணத்தில் உள்ள இரண்டு கூட்டல் குறிகளும் பரவலான சார்புகளைக் குறிக்கும். அவை இல்லாமல் ஹைட்ரஜன் பிணைப்புக் கணக்கு செய்வது வீண்.

வரிசை இது. முதலில் தனி மூலக்கூறுகளைத் தனித்தனியாக உகப்பாக்கி (ஆற்றல் தாழ்ந்த அமைப்பைக் கண்டுபிடித்து) அதிர்வெண் கணக்கு. பிறகு இரண்டையும் அருகருகே வைத்து இணை மூலக்கூறு. தொடக்கத்தில் ஹைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே சுமார் 2 ஆங்ஸ்ட்ராம். ஒரே ஒரு தொடக்க அமைப்போடு நிறுத்திவிட வேண்டாம். அசிட்டோனின் ஆக்சிஜனை இரு பக்கங்களிலிருந்தும் மேலிருந்தும் அணுகும்படி நான்கைந்து அமைப்புகள் கொடுத்து, எது ஆற்றலில் தாழ்ந்தது என்று பாருங்கள்.

பிணைப்பு ஆற்றலை எப்படிக் கணக்கிடுவது?

இணையின் ஆற்றலிலிருந்து இரண்டு தனி மூலக்கூறுகளின் ஆற்றலையும் கழிக்க வேண்டும். 1 ஹார்ட்ரீ = 2625.5 கி.ஜூல்/மோல். வேறுபாடு –0.0085 ஹார்ட்ரீ என்று வந்தால் –22.3 கி.ஜூல்/மோல். இதில் ஒரு பகுதி போலி. இணைக்குள் ஒவ்வொரு மூலக்கூறும் பக்கத்து மூலக்கூறின் அடிப்படைச் சார்புகளை இரவல் வாங்கித் தன் ஆற்றலைத் தாழ்த்திக்கொள்கிறது. பாய்ஸும் பெர்னார்டியும் 1970-ல் கொடுத்த கவுன்டர்பாய்ஸ் திருத்தம் அதை நீக்கும். காசியனில் கவுன்டர்பாய்ஸ்=2 என்று எழுதி, உள்ளீட்டுக் கோப்பில் ஒவ்வொரு அணுவும் எந்தத் துண்டைச் சேர்ந்தது என்று குறிக்க வேண்டும். ஓர் அணுவைத் தவறான துண்டில் போட்டாலும் கணக்கு ஓடிமுடியும். விடை மட்டும் நூற்றுக்கணக்கில் வரும்.

சுழிப்புள்ளி ஆற்றலையும் (மிகத் தாழ்ந்த நிலையிலும் எஞ்சும் அதிர்வு ஆற்றல்) சேர்த்தால் எண் இன்னும் குறையும். நீர் இணையில் மின்னணு ஆற்றல் வகையில் சுமார் 21, சுழிப்புள்ளி ஆற்றல் சேர்த்தபின் சுமார் 13 கி.ஜூல்/மோல். எதைச் சொல்கிறீர்கள் என்று அட்டவணைத் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

கணக்கிட்ட அலைஎண் சோதனையோடு ஒத்துவரவில்லை. எங்கே தவறு?

பெரும்பாலும் எங்கேயும் இல்லை. ஒப்பிடக் கூடாததை ஒப்பிடுகிறீர்கள். மெத்தனாலின் ஓ–ஹெச் இந்த நிலையில் சுமார் 3840 என்று வரும். 0.967-ஆல் பெருக்கினால் 3713. வாயு நிலையில் அளந்தது 3681. ஓ–ஹெச் நீட்சி சீரற்ற அதிர்வு என்பதால் பொதுப் பெருக்கு எண் அதற்குச் சரியாகப் பொருந்தாது. திரவத்தில் அளந்ததோ 3340 வட்டாரம். ஆகவே தனி மூலக்கூறுக்கும் இணைக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிலிருந்து எடுங்கள். நீர்த்த கரைசலுக்கும் செறிந்த கரைசலுக்கும் உள்ள வேறுபாட்டைச் சோதனையிலிருந்து எடுங்கள். இந்த இரண்டு வேறுபாடுகளைத்தான் பக்கத்தில் வைக்க வேண்டும்.

அப்போதும் இணையின் நகர்வு திரவத்தைவிடச் சிறியதாகவே இருக்கும். காரணம் கூட்டுவிளைவு. ஒரு மெத்தனால் ஹைட்ரஜனைக் கொடுத்தால் அதன் ஆக்சிஜன் அடுத்தவரிடமிருந்து இன்னும் இறுகப் பற்றும். கைகோத்து நிற்கும் வட்டத்தில் ஆள் கூடினால் பிடி இறுகுவதுபோல இது. மூன்று, நான்கு மூலக்கூறு வளையங்களைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் நகர்வு கூடித் திரவத்தை நெருங்கும். அந்த வரைபடம் ஒன்றே திட்டப்பணிக்கு ஓர் அத்தியாயம்.

கரைப்பானைத் தொடர் ஊடகமாக மட்டும் வைக்கும் பிசிஎம் மாதிரி இந்த இடத்தை நிரப்பாது. அதில் பிடித்துக்கொள்ளக் கை கிடையாது.

கணக்கில் எதிர்மறை அதிர்வெண் வருகிறது. என்ன செய்வது?

–20 போலச் சிறியதென்றால், ஒருங்கல் அளவுகோலை இறுக்கி, நுண்ணிய கட்டத்தோடு மறுபடி ஓட்டுங்கள். போகாவிட்டால் அந்த அதிர்வின் திசையில் அணுக்களைச் சற்றுத் தள்ளி வைத்து உகப்பாக்குங்கள். அதை வைத்துக்கொண்டே அட்டவணை போடக் கூடாது.

ஏஐஎம் (எலக்ட்ரான் அடர்த்தியை அணு வாரியாகப் பகுப்பது), என்பிஓ (பிணைப்பு ஆர்பிட்டால்களாகப் பகுப்பது) இரண்டும் கட்டாயமா?

கட்டாயமில்லை. ஏஐஎம் செய்ய மல்ட்டிடபிள்யூஎஃப்என் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. பிணைப்பின் முக்கியப் புள்ளியில் எலக்ட்ரான் அடர்த்தி 0.002–0.035 அணு அலகுக்குள்ளும், அதன் லாப்லாசியன் 0.024–0.139-க்குள்ளும் இருந்தால் கோக்கும் போப்லியரும் 1995-ல் வகுத்த எல்லைக்குள் வருகிறது. அந்தப் புள்ளியின் நிலை ஆற்றல் அடர்த்தியில் பாதியை எடுத்துப் பிணைப்பு ஆற்றல் என்று சொல்லும் பழக்கம் பரவலாக உண்டு. அது தோராயம், கவுன்டர்பாய்ஸ் எண் கையில் இருக்கும்போது அதைத்தான் முன்வைக்க வேண்டும்.

கணக்கு நடுவில் மின்சாரம் போய்விட்டால்?

செக்பாயின்ட் கோப்புக்கு முதல் வரியிலேயே பெயர் கொடுத்திருந்தால் உகப்பாக்கலை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கொடுக்காதவர் முதலிலிருந்து. மேசைக் கணினியில் யுபிஎஸ் என்பது கணக்கை முடிக்க அல்ல. ஒழுங்காக நிறுத்த மட்டும்.

அல்ட்ராசோனிக் இன்டர்ஃபெரோமீட்டர் (திரவத்தில் ஒலிவேகம் அளக்கும் கருவி) மட்டும் வைத்து ஹைட்ரஜன் பிணைப்பை நிறுவலாமா?

முடியாது. நம் பக்கத்துக் கல்லூரிகளில் 2 மெகாஹெர்ட்ஸ் கருவி எல்லா இடத்திலும் இருப்பதால் இந்தக் கேள்வி ஓயாமல் வருகிறது. ஒலிவேகமும் அடர்த்தியும் தெரிந்தால் அமுக்கத்தன்மை கிடைக்கும்: தண்ணீருக்கு 25 டிகிரியில் 1497 மீ/வி, 997 கி.கி./மீ³, 4.48×10⁻¹⁰ பாஸ்கல்⁻¹. கலவையில் அமுக்கத்தன்மை எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால் மூலக்கூறுகள் நெருங்கின என்று சொல்லலாம். எதனால் நெருங்கின என்று சொல்ல முடியாது. இருமுனை ஈர்ப்பாலும், சிறிய மூலக்கூறு பெரியதன் இடைவெளியில் நுழைவதாலும் அதே எண் வரும். ஒலிவேகத் தரவோடு நீர்த்தல் நிறமாலையையும் சேர்த்தால் வாதம் நிற்கும்.

ராமன் நிறமாலை உதவுமா?

தண்ணீர் உள்ள கலவைக்கு மிக உதவும். அகச்சிவப்பில் எல்லாவற்றையும் விழுங்கும் தண்ணீர் ராமனில் அடக்கமாக இருக்கும். கண்ணாடிக் குப்பியிலேயே அளக்கலாம். திருவானைக்காவலில் பிறந்த ராமனும், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் 1928-ல் இந்த ஒளிச்சிதறலை முதலில் கண்டது திரவங்களில்தான்.

இதனால் நடைமுறைப் பயன் உண்டா?

காரைக்குடியிலேயே விடை இருக்கிறது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்து, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் துறையில் மின்பகு திரவங்கள்தான் உயிர்நாடி. கோலின் குளோரைடு 302 டிகிரியிலும் யூரியா 133 டிகிரியிலும் உருகும் திடப்பொருள்கள். 1:2 மோல் விகிதத்தில் கலந்தால் 12 டிகிரியிலேயே திரவம். குளோரைடு அயனிக்கும் யூரியாவின் என்–ஹெச்சுக்கும் இடையிலான ஹைட்ரஜன் பிணைப்புக்கு அதில் பெரும் பங்கு. உலோகப் பூச்சுக்கு இத்தகைய திரவங்களைப் பயன்படுத்துகிறார்கள். அடுத்த திட்டப்பணிக்குத் தலைப்பு தேடுபவர்கள் இங்கே தொடங்கலாம். ஆனால் இரண்டையும் வெற்றிட அடுப்பில் உலர்த்தாமல் கலந்தால் நீங்கள் ஆராய்வது தண்ணீரை.

எங்கள் கல்லூரியில் கருவி இல்லை. கலவையைக் குப்பியில் அடைத்து மதுரைக்கோ திருச்சிக்கோ எடுத்துப் போகலாமா?

கலவையாக வேண்டாம். இரண்டு மணி நேரப் பேருந்து வெயிலில் மூடி வழியே அசிட்டோன் முந்திக்கொண்டு ஆவியாகும், மோல் பின்னம் 0.5 என்று எழுதிய குப்பியில் 0.5 இருக்காது. தவிர, எளிதில் தீப்பற்றும் திரவத்தைப் பயணிகள் பேருந்தில் ஏற்றுவதே தவறு. கருவி இருக்கும் இடத்தில் தூய திரவங்களும் நான்கு தசம எடைத்தட்டும் உண்டா என்று முன்கூட்டிக் கேட்டு, அங்கேயே கலந்து, கலந்த அரைமணிக்குள் ஓட்டுங்கள்.

முடிந்தபின் கழிவை எங்கே ஊற்றுவது?

குளோரின் உள்ள கழிவுக்குத் தனி பாட்டில். அதில் சோடியம் ஹைட்ராக்சைடோ பொட்டாசியம் ஹைட்ராக்சைடோ ஒரு சொட்டும் விழக் கூடாது. காரம் பட்டால் அசிட்டோனும் குளோரோஃபார்மும் கடும் வெப்பத்தோடு வினைபுரியும். மூடிய பாட்டில் சிதறும். காரக் கரைசலில் கழுவிய குடுவையை நன்கு அலசாமல் அதே கலவைக்கு எடுப்பதும் இதே ஆபத்துதான். பாட்டிலின் மேல் “குளோரோஃபார்ம் + அசிட்டோன், காரம் சேர்க்காதே” என்று தமிழிலேயே பெரிதாக எழுதி ஒட்டுங்கள். ஆய்வகத்தைக் கழுவ வருபவரும் படிக்க வேண்டும்.